ஈரத்துணி கட்டிய ஃபயர்மேன்

மாதிரி ரயில் செய்பவர்களிடையே கொஞ்ச காலமாக ஒரு பேச்சு அடிபடுகிறது. கண்காட்சிகளின் காலம் முடிந்துவிட்டதாம். வண்டி வேண்டுமென்றால் இணையத்தில் வாங்கலாம், செய்முறை வேண்டுமென்றால் யூடியூபில் பார்க்கலாம், நாலு பேருக்குக் காட்ட வேண்டுமென்றால் படம்பிடித்துப் போடலாம். பிறகு எதற்குப் பலகையையும் தண்டவாளத்தையும் தூக்கிக்கொண்டு மண்டபம் மண்டபமாக அலைய வேண்டும் என்று கேட்கிறார்கள். நான் திருநெல்வேலிக்காரன் என்பதால் என்னிடம் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்பார்கள்: உங்கள் பக்கம் இப்படிப் பெரிய கண்காட்சி எதுவும் நடந்ததாகத் தெரியவில்லையே, அது இருந்தால் என்ன, போனால் என்ன?

இந்தப் பேச்சில் ஒரே ஒரு பாதி உண்மை இருக்கிறது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கண்காட்சி ஒரு சந்தையாகவும் இருந்தது, அந்தச் சந்தை சுருங்கிவிட்டது. ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் அளவு வகுத்த பொம்மை ரயில் பாதைகளை உலகுக்குக் காட்டியது 1891-இல் லைப்சிக் சந்தையில்தான். ஒரு வீட்டுத் தண்டவாளத்தில் இன்னொரு வீட்டு வண்டி ஓட வேண்டும் என்றால் அகலம் பொதுவாக இருக்க வேண்டும் என்ற எண்ணமே ஒரு சந்தையில் வைத்துத்தான் ஊருக்குத் தெரிந்தது. இன்று வாங்குவதற்காக மட்டும் யாரும் கண்காட்சிக்குப் போக வேண்டியதில்லை. சரி. ஆனால் வியாபாரம் போனதால் கண்காட்சியே போயிற்று என்று முடிவுகட்டுவது, ஆற்றங்கரையில் துணி துவைப்பவர்கள் குறைந்துவிட்டார்கள், அதனால் தாமிரபரணி இனித் தேவையில்லை என்பதைப் போன்றது.

இப்படிச் சொல்பவர்கள் தவறாமல் காட்டும் சான்று இங்கிலாந்தின் வார்லி கண்காட்சி. பர்மிங்காமின் என்.இ.சி. அரங்கில் 1993 முதல் நடந்துவந்த பெரிய கண்காட்சி அது. 2023 நவம்பரில் நடந்ததே கடைசி என்று அடுத்த ஜனவரியில் அறிவித்தார்கள். பார்த்தீர்களா, இணையம் விழுங்கிவிட்டது என்கிறார்கள். காரணத்தைப் படித்தவர்கள் இப்படிச் சொல்ல மாட்டார்கள். வாசலில் கூட்டம் இல்லாமல் அது நிற்கவில்லை, எடுத்து நடத்த ஆள் இல்லாமல் நின்றது. நடத்தியவர்கள் சங்கத்து உறுப்பினர்கள், சம்பளம் வாங்காதவர்கள். அவர்களுக்கு வயதானபோது பொறுப்பை வாங்கிக்கொள்ளப் போதிய கைகள் வரவில்லை. அதே 2024 ஜனவரியில் இன்னொரு அறிவிப்பும் வந்தது. 1946-இல் லிவர்பூலில் தொடங்கி, பின்னாளில் இணைய விற்பனையிலேயே பெரிதாக வளர்ந்த ஹாட்டன்ஸ் கடை தன் கதவை மூடப்போவதாகச் சொன்னது. கண்காட்சியை இணையக் கடை கொன்றது என்றால், இணையக் கடையைக் கொன்றது யார்? அந்தப் பக்கம் அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் மாநிலத்தின் ஆம்ஹர்ஸ்ட் சங்கம் பனி கொட்டும் ஜனவரியில் நடத்தும் கண்காட்சிக்கு இருபதாயிரம் பேருக்கு மேல் வருகிறார்கள். அவர்கள் வீட்டிலும் இணையம் இருக்கிறது.

அயலூர்க் கணக்கு போதும். நம் பள்ளத்தாக்குக்கு வருகிறேன்.

திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், தென்காசி வழியாகச் செங்கோட்டை போகும் பாதை 1903-இல் முழுமையானது. மறு ஆண்டே மலையைக் குடைந்து புனலூர் வரை இணைத்துவிட்டார்கள். நூறாண்டுக்கு மேல் அது மீட்டர் கேஜ். 2010-இல் செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே வண்டி நின்றது. 2012-இல் தென்காசி வரை அகலப்பாதை வந்தது. மலைப்பகுதியும் 2018-இல் அகலமாகித் திறந்தது. அகலப்பாதை வந்தது நல்லது, அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் 2012-க்குப் பிறகு அம்பையில் பிறந்த பிள்ளைக்குத் தன் ஊர் வழியாக ஓடிய சின்ன வண்டியைப் பார்க்க இடமே இல்லை.

அந்த வண்டியை மாதிரியாகச் செய்ய உட்கார்ந்தால்தான் எதுவும் கடையில் கிடைக்காது என்பது தெரியும். உலகெங்கும் விற்கும் எச்.ஓ. அளவு என்பது 87-இல் ஒரு பங்கு. அதன் தண்டவாள அகலம் 16.5 மி.மீ. 87-ஆல் பெருக்கினால் 1435 மி.மீ. வரும். அது ஐரோப்பிய, அமெரிக்கப் பாதையின் அகலம். நம் அகலப்பாதையோ 1676 மி.மீ., சுருக்கினால் 19 மி.மீ. தாண்டும். மீட்டர் கேஜைச் சுருக்கினால் பதினொன்றரை மி.மீ. அதற்கு நெருங்கி வருவது, சுவிஸ் மலை ரயில்களுக்காக பெமோ போன்ற நிறுவனங்கள் விற்கும் 12 மி.மீ. பாதை. ஆகவே செங்கோட்டை மலையில் ஏறிய ஒய்.ஜி. எஞ்சினை நான் செய்தபோது, சுவிஸ் வண்டியின் மோட்டாரை டெண்டருக்குள் மறைத்து, மேல்கூட்டைப் பிளாஸ்டிக் தகட்டாலும் பித்தளைக் கம்பியாலும் கட்ட வேண்டியிருந்தது. பகவதிபுரம் தாண்டி ஆரியங்காவுக்கு முன்னால் வரும் சுரங்க வாயை நாலடிப் பலகையில் செய்தேன். கிடைத்த புகைப்படம் எல்லாவற்றையும் பார்த்தேன், காணொளிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். தவறு எதுவும் இல்லை என்று நம்பினேன்.

ஒரு பள்ளிக்கூடக் கண்காட்சியில் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அதை ஓடவிட்டேன். பிள்ளைகள் வந்தார்கள், போனார்கள். பேரனைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் மட்டும் நகரவில்லை. வண்டி மூன்று முறை சுரங்கத்துக்குள் போய் வரும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சொன்னார்:

“தம்பி, வண்டி நல்லாத்தான் ஓடுது. ஃபயர்மேன் மூஞ்சில துணி இல்லையே?”

எனக்குப் புரியவில்லை.

“சுரங்கத்துக்குள்ள போறதுக்கு முன்ன ஈரத்துணிய மூக்கையும் வாயையும் சுத்திக் கட்டிக்கிடுவோம். ஏத்தம்லா, வண்டி மெதுவாத்தான் போவும். பொகையில மூச்சு முட்டிரும்.”

அவர் கரி எஞ்சினில் ஃபயர்மேனாக இருந்தவர். அரை மணி நேரம் பேசினார். கரியை எங்கே அள்ளிப் போடுவது, எங்கே நிறுத்திக்கொள்வது, மழைக்காலத்தில் சக்கரம் வழுக்கும்போது மணலை எப்படி விடுவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எதையும் நான் கேட்கவில்லை. என் பலகைதான் அவரிடம் கேட்டது. பேரன் வாயைத் திறந்தபடி நின்றான். தாத்தா இவ்வளவு பேசி அவன் அதற்கு முன் கேட்டதில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

இணையம் போதும் என்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இந்த அரை மணி நேரம்தான். அந்தப் பெரியவர் யூடியூபில் கருத்து எழுதுபவர் அல்ல. எழுதினாலும், தவறாக இருப்பதைக் கண்ணெதிரே பார்க்காமல் அந்தத் துணி அவர் நினைவுக்கு வந்திருக்குமா? புகைப்படத்தில் அது இல்லை, ஏனென்றால் இருட்டுக்குள் யாரும் படம் எடுக்கவில்லை. நம் பக்கத்துக் கண்காட்சிக்கு வந்திருக்கும் புது வேலை இதுதான் என்று நினைக்கிறேன். முன்பு செய்தவன் காட்டுவான், வந்தவன் பார்ப்பான். இப்போது வந்தவர் திருத்துகிறார், செய்தவன் குறித்துக்கொள்கிறான். ரயில்வே ஊழியர் குடும்பங்கள் நிறைந்த ஊர் இது. பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர், கேட்கீப்பராக இருந்தவர், கைகாட்டி விளக்குக்கு எண்ணெய் ஊற்றியவர், பந்து டோக்கனை வளையத்தில் மாட்டி ஓடும் எஞ்சினுக்கு நீட்டியவர் என்று எத்தனையோ பேர் வயதாகி வீட்டில் இருக்கிறார்கள். அவர்களைப் பேசவைக்கப் பேட்டி போதாது, ஒரு சின்ன வண்டி கண்முன்னே ஓட வேண்டும்.

அடுத்த வாதம் பணமும் இடமும் பற்றியது. இது வசதியுள்ளவர் விளையாட்டு, கண்காட்சி என்பது அவர்கள் தங்கள் வசதியைப் பரப்பிவைக்கும் இடம் என்கிறார்கள். வெளிநாட்டு வண்டியின் விலையையும் சுங்க வரியையும் பார்த்தால் இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இந்த வாதம் கண்காட்சிக்கு எதிராகப் போகாது, ஆதரவாகத்தான் முடியும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 மீட்டர் நடைமேடையை 87-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர். ஒரு கிலோமீட்டர் பாதைக்குப் பதினொன்றரை மீட்டர். நம் வீடுகளில் எந்த அறையில் இதற்கு இடம்? உலகில் பல ஊர்களில் இதற்குக் கண்ட வழி, துண்டு துண்டாகச் செய்து ஓரிடத்தில் கூட்டுவது. டி-டிராக், ஃப்ரீ-மோ என்றெல்லாம் அதற்குப் பொது அளவுகள் வகுத்திருக்கிறார்கள். பலகையின் ஓரத்தில் தண்டவாளம் எங்கே வர வேண்டும், கம்பி எப்படி இணைய வேண்டும் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டால் போதும். நான் நாலடி செய்வேன், நீங்கள் நாலடி செய்வீர்கள், பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு பாதை. அப்படிப்பட்ட பாதை கண்காட்சி நாளில் மட்டுமே இருக்கிறது. மற்ற நாளில் அது பத்து வீட்டுப் பரணில் பத்துப் பலகையாகக் கிடக்கிறது. கண்காட்சியை எடுத்துவிட்டால், சொந்தமாகத் தனி அறை வைத்திருப்பவர்கள்தான் மிஞ்சுவார்கள். பணக்காரர் விளையாட்டு என்ற குற்றச்சாட்டு அப்போதுதான் உண்மையாகும்.

இது நம் மண்ணுக்கு ஒட்டாது என்பதும் ஒரு குரல். புனேயில் பாவ்சாகேப் ஜோஷி உருவாக்கிய சிறு ரயில்வே அருங்காட்சியகம் 1998-லிருந்து இருக்கிறது. நிலையான கட்டடம் அமைவதற்கு முன் அவர் தம் மாதிரி ஊரைப் பொதுக் கண்காட்சிகளில்தான் காட்டிவந்தார். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். கல்லிடைக்குறிச்சி அக்கிரகாரத்தில் நவராத்திரிக்குக் கொலு பார்க்கப் போன யாருக்கும் படிக்குக் கீழே கட்டும் ‘பார்க்’ நினைவிருக்கும். கேழ்வரகை முளைக்கவைத்துப் புல்வெளி, கண்ணாடித் துண்டில் குளம், பழுப்புக் காகிதத்தைக் கசக்கி மலை, மலைக்குள் ஒரு ஓட்டை. அந்த ஓட்டைக்குள் சாவி கொடுத்த தகர ரயில் போகும். நான் முதன்முதலில் பார்த்த சுரங்கம் அதுதான். ஒன்பது நாள் வீட்டுக் கதவு திறந்தே கிடக்கும், யாரும் உள்ளே வரலாம், சுண்டலோடு திரும்பலாம். சின்ன உலகத்தைச் செய்து ஊரைக் கூப்பிட்டுக் காட்டும் பழக்கத்தை நாம் யாரிடமிருந்தும் கடன் வாங்கவில்லை. அம்பாசமுத்திரத்துக் கடைசல் பட்டறையில் உருண்டு வந்த மரச் சொப்புகளைப் பார்த்தவர்கள், சிறியதைச் சரியாகச் செய்யும் கை இங்கே இல்லை என்று சொல்லமாட்டார்கள்.

பிள்ளைகள் ஃபோனை விட்டு நிமிர மாட்டார்கள் என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. வேகக் கட்டுப்பாட்டுக் குமிழை ஒரு பிள்ளையின் கையில் கொடுத்துப் பாருங்கள். பல கண்காட்சிகளில் ‘தொடாதே’ பலகை இன்னும் தொங்குகிறது, மாற வேண்டியது அதுதான்.

கடைசியாக, தேர்ந்த கலைஞர்களே சொல்லும் ஒரு மனக்குறை உண்டு. கண்காட்சிகள் வேடிக்கையாகிவிட்டன, கூட்டத்துக்காக வண்ண விளக்கும் ஓயாத ஓட்டமும் காட்ட வேண்டியிருக்கிறது, நுணுக்கத்தைப் பார்க்க ஆளில்லை என்பார்கள். இந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. என் பலகையிலும் ஒட்டு வேலையைப் பார்த்தவர்களைவிட வட்டமடிக்கும் வண்டியைப் பார்த்தவர்களே அதிகம். இருந்தாலும் ஹாம்பர்க்கின் மினியேச்சர் வுண்டர்லாண்டை நினைத்துப் பாருங்கள். 2001-இல் திறந்தது, ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். வருபவர்களில் பெரும்பாலோர் வேடிக்கை பார்க்க வருபவர்கள்தான். அதனால் அங்கே நுணுக்கம் குறைந்துவிடவில்லை. பொதுமக்களுக்காகச் செய்வது வேறு, மட்டமாகச் செய்வது வேறு. இன்னும் சிலர், பழைய எஞ்சினையே சென்னை ஐசிஎஃப் அருகில் 2002-இல் திறந்த ரயில் அருங்காட்சியகத்தில் போய்ப் பார்க்கலாமே, மாதிரி எதற்கு என்கிறார்கள். கட்டாயம் போய்ப் பாருங்கள், நானும் போயிருக்கிறேன். அங்கே எஞ்சின் நிற்கும். அது ஏறிய மலையும், நின்ற ஸ்டேஷனும், கடந்த ஆறும் அதன் கூடவே வரமுடியாது. மாதிரியில்தான் அவை சேர்ந்து வரும்.

பெரியவர் சொன்ன பிறகு எஞ்சினுக்குள் இருந்த ஃபயர்மேன் பொம்மையை வெளியே எடுத்தேன். இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லாத உருவம். மிக மெல்லிய தூரிகையால் மூக்குக்குக் கீழே வெள்ளையாக ஒரு கோடு போட்டேன். ஓரடி தள்ளி நின்றால் தெரியாது. அவர் மறுபடி வந்தால் தெரியும்.

இப்போது கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவே தாமிரபரணி மேல் போகும் ரயில் பாலத்தைச் செய்துகொண்டிருக்கிறேன். தென்கரைப் பாதி என்னுடையது. வடகரைப் பாதியை அம்பையில் ஒரு கல்லூரி மாணவி தன் வீட்டு மாடியில் செய்கிறாள். இரண்டையும் சேர்த்துப் போட எங்கள் இருவர் வீட்டிலும் இடமில்லை, அதற்கு ஒரு மண்டபமும் நான்கு பெஞ்சும் வேண்டும். போன வாரம் ஒரு முறை பள்ளி வராந்தாவில் கூட்டிப் பார்த்தோம். ஆற்றின் நடுவில் தண்டவாளம் அரை மில்லிமீட்டர் விலகி நிற்கிறது. தவறு என் பக்கத்துப் பலகையில்தான். அரையாண்டு விடுமுறைக்கு முன்னால் அதைத் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும்.