மீண்டவனுக்கு ஒரு நாற்காலி போடுங்கள்

பேரையூர்ப் பக்கம் ஒருவன் குடியை நிறுத்த வேண்டுமென்றால் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டுவார்கள். எனக்கும் கட்டினார்கள், இரண்டு தடவை. இரண்டாவது தடவை, மூன்றாம் நாள் ராத்திரி கை கால் நடுங்க, சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று கத்தியிருக்கிறேன். சாமி குத்தம் என்றார்கள். வருஷக்கணக்கில் குடித்த உடம்புக்குச் சரக்கைத் திடீரென நிறுத்தினால் அப்படித்தான் ஆகும். வலிப்பு வரும், உயிரே போகலாம், மருந்து கொடுத்து டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். இதெல்லாம் மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

குடியை விட்டு மீண்ட என்னிடம் இப்போது தெருப் பெண்கள், "அண்ணே, எங்க வீட்டுக்காரர்ட்ட ஒரு வார்த்தை பேசுங்க" என்று வருகிறார்கள். டீக்கடை பெஞ்சில், கண்மாய்க் கரையில் உட்கார்ந்து பேசுகிறேன். ஆனால் அவர் 'சரி' என்று சொன்ன பிறகுதான் சிக்கலே. டி.கல்லுப்பட்டி, திருமங்கலம் தாண்டி மதுரைக்குப் பஸ் ஏற்ற வேண்டும். அப்படிக் கூட்டிப்போன ஒருவர், ஒன்றுக்குப் போய் வருகிறேன் என்று திருமங்கலத்தில் இறங்கினார். திரும்பி ஊருக்கு வந்தது மறுநாள்.

குடித்தவன் சொன்னால்தான் குடிப்பவன் கேட்பான். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும், இரண்டு பேருமே குடிநோயாளிகள், பேசிக்கொண்டதில்தான், குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு பிறந்தது. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். யாரிடமும் பேசாத வாரங்களில் என் காலே மதுக்கடைப் பக்கம் இழுக்கிறது. அதனால், நான் போய்ப் பேசுவதைச் சேவை என்று யாராவது பாராட்டினால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

சென்னையில் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சிகிச்சை மையம் தொடங்கினார். மஞ்சக்குடி போன்ற கிராமங்களில் முகாம் போட்டு, சிகிச்சையை ஊருக்கே கொண்டுபோனது அந்த அமைப்பு. அரசும் 2025-இல் 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் திறந்தது. நல்ல காரியம்தான். ஆனால் 2024-25-இல் அதே அரசுக்கு டாஸ்மாக் மதுக்கடைகளால் வந்த வருவாய் ரூ.48,344 கோடி! நாட்டில் குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைக்கிறது என்கிறது 2019-இல் வெளியான மத்திய அரசின் ஆய்வு. சரக்கு பக்கத்துத் தெருவில் கிடைக்க, மருந்துக்கு மட்டும் மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டுமா?

தாலுகா மருத்துவமனைகளில் வாரம் ஒரு நாளைக் குடிநோய்க்கென்றே ஒதுக்கி, அந்தக் கிழமையை ஊர் முழுக்கத் தெரியப்படுத்த வேண்டும். அன்றைக்கு டாக்டர் அறைக்கு வெளியே, மீண்டு வந்த ஒருவர் உட்கார ஒரு நாற்காலி வேண்டும். பஸ் காசும் ஒரு நாள் கூலியும் கொடுங்கள். வேலையை விட்டுவிட்டு வருகிறவர்களுக்கும் வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே. சாயங்காலம் பூட்டிக் கிடக்கும் அரசுக் கட்டடத்தில் மீண்டவர்கள் கூடிப் பேச ஓர் அறை தந்தால், கூட்டிப் பெருக்கி நாங்களே பார்த்துக்கொள்வோம்.

கலெக்டர் ஐயா, எங்கள் பேரையூரிலிருந்து இதைத் தொடங்குங்கள். அதுவரை, வீட்டில் தவித்துக்கொண்டிருக்கும் தங்கச்சிமாரே, கயிறு கட்டுவதற்கு முன்னால் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணுக்கு ஒரு போன் போடுங்கள். காசு கிடையாது.