பார்த்துக்கொள்பவருக்கும் கூலி உண்டு

மாதனூரைத் தாண்டும் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில்தான் நம் மக்கள் தினமும் ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனிகளுக்கும் தோல் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்குப் போய் வருகிறார்கள். அந்தச் சாலையில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனவருக்கு நஷ்டஈடு கேட்கும்போது, ஆஸ்பத்திரி பில்லையும் இழந்த சம்பளத்தையும் எழுதுகிறோம். இனி வாழ்நாள் முழுக்க அவரைப் புரட்டிப் படுக்கவைப்பது யார், மலஜலம் எடுப்பது யார், படுக்கைப்புண்ணுக்கு மருந்து போடுவது யார்? அதை எழுத மறந்துவிடுகிறோம்.

'பெண்டாட்டி பார்த்துக்கொள்வாள்' என்கிறார்கள். அவரும் ஷூ கம்பெனியில் தைத்துச் சம்பாதித்தவர்தான். அவர் வேலையை விட்டால் வீட்டில் போவது ஒரு சம்பளம் அல்ல, இரண்டு. வசதியுள்ளவர்கள் ஆள் வைத்து, ரசீது வாங்கி, கோர்ட்டில் காட்டுகிறார்கள். நம் வீட்டில் ரசீது இல்லை என்பதால் உழைப்பும் இல்லை என்றாகிவிடுமா? சாவு சொல்லப் போனதற்கும் செத்த மாட்டைத் தூக்கியதற்கும் கூலி கேட்கக் கூடாது என்றிருந்த ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாம். இப்போது நம் பெண்கள் தலையில் இன்னொரு வெட்டிவேலையை நாமே சுமத்தலாமா?

2020 பிப்ரவரி 5 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கு வழி காட்டியது. 2007-ல் லாரி மோதி முற்றிலும் செயலிழந்த 12 வயதுச் சிறுமியின் வழக்கு அது. தீர்ப்பாயம் கொடுத்தது சுமார் 11 லட்சம். உச்ச நீதிமன்றம் 62.27 லட்சமாக உயர்த்தியது. அதில் உதவியாளர் செலவு மட்டும் 21.60 லட்சம். கணக்கு எளிது: இரண்டு பேருக்கு மாதம் 10,000 ரூபாய், வருடத்துக்கு 1,20,000, அதை வயதுக்குரிய எண்ணான 18-ஆல் பெருக்கினார்கள். 35 வயதுக்காரருக்கு அந்த எண் 16. இதே சம்பளம் வைத்தாலும் 19.20 லட்சம் வரும். இன்றைய கூலிக்கு இன்னும் கூடும்.

மலக்குழியில் இறங்கி நிரந்தரமாக முடமானவருக்குக் குறைந்தது 20 லட்சம் என்று 2023 அக்டோபர் 20-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 25 வயது இளைஞருக்கு, மேலே சொன்ன கணக்குப்படி, கவனிப்புச் செலவே அதைத் தாண்டிவிடுகிறது. 20 லட்சம் என்பது அடித்தளம்தான், கூரை அல்ல. அதோடு நிற்கும் அதிகாரிகளிடம் இந்தக் கணக்கை வைக்க வேண்டும்.

படித்த பிள்ளைகள் செய்யக்கூடிய வேலை இது. யார் எத்தனை மணி நேரம் பார்த்துக்கொள்கிறார்கள், மாதம் எத்தனை டயபர், எத்தனை சிறுநீர்க் குழாய், ஆஸ்பத்திரிக்கு எத்தனை தடவை ஆட்டோ என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். ஊனச் சான்றிதழும், எப்படிப்பட்ட உதவி வாழ்நாள் முழுக்கத் தேவை என்று டாக்டர் எழுதிய கடிதமும் வாங்குங்கள். சாலை விபத்து மனுவை ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்கிறது 2019 சட்டத் திருத்தம். வக்கீல் வைக்கப் பணமில்லை என்று ஒதுங்க வேண்டாம். 1987 சட்டப்படி பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பே பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தர வேண்டும்.

சமரசம் என்று இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு தொகையை நீட்டும்போது ஒரே கேள்வி கேளுங்கள்: 'இதில் பார்த்துக்கொள்பவரின் கூலி எவ்வளவு?' பதில் வரும்வரை கையெழுத்துப் போடக் கூடாது.