யார் வீட்டு எழவு?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தான் போன் செய்தார். எடுத்த எடுப்பிலேயே கத்தல். அவருக்குக் காது மந்தம். அதனால் ஊரில் எல்லோருக்குமே மந்தம் என்று நினைத்துக்கொண்டு பேசுவார்.

"மாப்ளே! அந்த டெத் கேசட்டு ஒங்கிட்டதானே இருக்கு?"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. கிட்டத்தட்ட முப்பது வருஷமாக நான் பயந்துகொண்டிருந்த கேள்வி.

அறந்தாங்கி, ஆலங்குடிப் பக்கம் வந்து பாருங்கள். தெருவுக்கு நாலு பேர் சிங்கப்பூரில் இருப்பார்கள். லீவில் வந்தால் கோடாலித் தைலம், சென்ட், டூ-இன்-ஒன் இத்யாதி. அத்தை மகனான இந்த அத்தான் கப்பல் பழுது பார்க்கும் யார்டில் கிரைண்டிங் வேலை பார்த்தார். 1995-ல் முதல் லீவுக்கு வந்தபோது நான் காலேஜ் இரண்டாம் வருஷம். கேசியோ வாட்ச் கேட்டிருந்தேன். அவர் கொடுத்தது ஒரு கேசட். அட்டையில் முக்காடு போட்ட எலும்புக்கூடுகள் கோப்பையும் கையுமாக இருந்தன. கூட வேலை பார்த்த மலாய்க்காரப் பையன் கொடுத்ததாம்.

குழுவின் பெயரே 'டெத்'. அதாவது, சாவு. நம் ஊரில் சைக்கிள் கடைக்குக்கூட 'மாரியம்மன் துணை' என்று எழுதித்தான் போர்டு மாட்டுவார்கள். இவர்கள் எந்த நல்ல நேரத்தில் பெயர் வைத்தார்களோ!

போட்டேன். பத்து தவில்காரர்களுக்கு ஒரே நேரத்தில் கோபம் வந்த மாதிரி அடி. நடுவில் ஒரு குரல், பாட்டா, உறுமலா, வாய் கொப்பளிப்பதா என்று புரியவில்லை. அம்மா கரண்டியோடு அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். காப்பி எடுக்கலாம் என்று டவுனில் ரெக்கார்டிங் சென்டருக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் அரை நிமிஷம் கேட்டுவிட்டு ஆஃப் செய்தார். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து ஹெட்டைத் துடைத்தார். மறுபடி போட்டார். மறுபடி துடைத்தார். "கேசட்டு போச்சு தம்பி. டேப்பு சிக்கிருக்கு" என்று திருப்பித் தந்துவிட்டார்.

வீட்டில் சரியாக விமர்சனம் செய்தது ஒரே ஆள்தான். திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பத்தா. எட்டூரில் எழவு விழுந்தாலும் ஒப்பாரி வைக்க ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னது:

"யார் வீட்டு எழவுடா இது? ஆம்பளை இப்படி அழுவுறான்?"

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்பத்தா சிரிக்கவில்லை.

அந்த உறுமலுக்குச் சொந்தக்காரர் பெயர் சக் ஷுல்டினர். 1967-ல் பிறந்த அமெரிக்கர். அவருக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, பதினாறு வயது அண்ணன் கார் விபத்தில் இறந்துபோனார். பையன் இடிந்துபோய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத்தான் அப்பா அம்மா கிடார் வாங்கிக் கொடுத்தார்கள். இது எனக்குத் தெரிய வந்தபோது அப்பத்தா உயிரோடு இல்லை. இருந்திருந்தால், "நாந்தான் அன்னைக்கே சொன்னேனே" என்று வெற்றிலைச் சாற்றைத் துப்பியிருக்கும்.

1983-ல் ஃப்ளோரிடாவில் பள்ளிக்கூட வயதில் 'மான்டாஸ்' என்று ஆரம்பித்த குழு அடுத்த வருஷமே 'டெத்' ஆனது. ரேடியோ தொடாது. பெரிய கம்பெனி சீண்டாது. வீட்டில் ரெக்கார்டு செய்த டேப்பை ஒருத்தன் இன்னொருத்தனுக்குத் தபாலில் அனுப்ப, அவன் நாலு காப்பி எடுத்து நாலு தேசத்துக்கு அனுப்ப, இப்படிப் பரவிய சங்கீதம். 'அண்டர்கிரவுண்ட்' என்பது இதைத்தான். என்னிடம் வந்தது 1987-ல் வெளியான முதல் ஆல்பம். 1998 வரை ஏழு ஆல்பம் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், சக் மட்டும் மாறவில்லை. பின்னால் வந்த ஆல்பங்களில் ரத்தமும் பிணமும் குறைந்து, மனுஷன் மனுஷனுக்குச் செய்யும் துரோகம், பொய், ஞாபகம் என்று விஷயம் கனத்துக்கொண்டே போனது. இவ்வளவு உறுமிய ஆசாமிக்கு வீட்டில் தோட்ட வேலையும் சமையலும்தான் பிடிக்குமாம்.

1999-ல், அவருடைய 32-வது பிறந்த நாளன்று, மூளைத்தண்டில் கட்டி என்று டாக்டர்கள் சொன்னார்கள். வைத்தியத்துக்குப் பணம் போதவில்லை. ரசிகர்களும் மற்ற குழுக்களும் கச்சேரி நடத்தி நிதி சேர்த்தார்கள். 2001 டிசம்பர் 13-ல் இறந்தார். வயது 34. சாவு என்று பெயர் வைத்த குழுவும் அவரோடு போயிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் 1992-லேயே நம் ஆட்கள் சிலர் 'ருத்ரா' என்று ஒரு குழு ஆரம்பித்து, இதே உறுமலோடு சமஸ்கிருத மந்திரங்களையும் கலந்து வாசித்தார்கள். 1998-ல் முதல் ஆல்பம். அதைக் கேள்விப்பட்டபோது எனக்குக் குடுமியான்மலை ஞாபகம்தான் வந்தது. எங்கள் ஊரிலிருந்து இருபது கிலோமீட்டர். அங்கே பாறையில் ஏழாம் நூற்றாண்டில் வரி வரியாக சுரங்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். வெட்டச் சொன்ன ராஜா யார் என்று அறிஞர்களுக்குள் இன்னும் தகராறு. ஆனால் அவருடைய குரு பெயர் கல்லிலேயே இருக்கிறது: ருத்ராசாரியார்! எட்டுக்கும் ஏழுக்கும் உரியது என்று தமிழிலும் ஒரு குறிப்பு உண்டு, வாத்தியத்தின் தந்திக் கணக்கு என்கிறார்கள். இன்றைக்கு மெட்டல் பையன்கள் தூக்கிக்கொண்டு அலைகிற கிடார்களிலும் ஏழு தந்தி, எட்டு தந்தி உண்டு. சும்மா சொன்னேன். இதை வைத்து யாரும் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிவிட வேண்டாம்.

சரி, என் குற்றத்துக்கு வருகிறேன்.

1997-ல் ஒரு மழை நாள். அப்பத்தா படுக்கையில் விழுவதற்குக் கொஞ்சம் முன்னால். தன் அண்ணனை நினைத்துக்கொண்டு திடீரென்று ஒப்பாரி வைக்க ஆரம்பித்தது. பதிவு செய்தே ஆக வேண்டும் போலிருந்தது. வீட்டில் காலி கேசட் இல்லை. அத்தானுடையதுதான் மேலே கிடந்தது. கம்பெனி கேசட்டில் ரெக்கார்டு செய்ய முடியாதபடி மேல் விளிம்பில் ஓட்டை இருக்கும். காகிதத்தை மடித்து அந்த ஓட்டையை அடைத்தேன். இரண்டாம் பக்கம் போட்டு சிவப்புப் பட்டனை அழுத்தினேன். டெத் குழுவின் பாதி ஆல்பம் காலி.

அத்தானிடம் சொல்லவில்லை. அவர் லீவில் வரும்போதெல்லாம், "எங்கேயோ பரண்ல இருக்கு அத்தான்" என்று சமாளித்தேன். போன வருஷம் ஒரேயடியாக ஊர் திரும்பிவிட்டார். இரும்பைத் தேய்க்கும் சத்தத்தில் முப்பது வருஷம்! டாக்டர் படம் போட்டுக் காட்டினாராம். இப்படிப்பட்ட செவிட்டில் முதலில் கீச்சு சத்தங்கள்தான் போகுமாம். குருவி, போன் மணி, குழந்தைகள் குரல், பெண்கள் குரல் எல்லாம் மங்கிவிடும். தடித்த சத்தம் கடைசிவரை கொஞ்சம் தங்கும்.

"பேத்தி பேசுறது வெளங்கலடா. அந்த டமடமவாச்சும் கேக்குதான்னு பாக்கணும்" என்றார்.

டூ-இன்-ஒன்னைத் தூசி தட்டினேன். உள்ளே பெல்ட் தார் மாதிரி உருகிக் கிடந்தது. கீழராஜ வீதிப் பக்கம் ஒரு பெரியவர் புதுசு மாட்டிக் கொடுத்தார். அத்தான் வீட்டுக்குக் கொண்டுபோய் முதல் பக்கத்தைப் போட்டேன். ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். தலை ஆடியது. "கேக்குதுடா! கேக்குது!" அத்தை மிரண்டுபோய் எட்டிப் பார்த்தார்.

பக்கம் முடிந்தது. "திருப்பிப் போடு" என்றார்.

திருப்பிப் போட்டேன். மழைச் சத்தம். இருமல். பிறகு அந்தக் குரல்.

அத்தை வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாகக் கேட்காத அம்மா குரல். அத்தான் மட்டும் கையை ஸ்பீக்கரில் வைத்தபடி எங்களை மாறி மாறிப் பார்த்தார். "என்னடா, டேப்பு அந்து போச்சா? ஒண்ணும் வரலையே?"

அவர் காதுக்குப் பக்கத்தில் போய்க் கத்தினேன். "ஒங்க அம்மாச்சி, அத்தான்! ஒப்பாரி வைக்குது! நாந்தான் அழிச்சிட்டு இதை ஏத்துனேன்!"

ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார்.

"என்ன சொல்லுது? நீ சொல்லு."

டேப்பை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வரியாக அவர் காதில் உரக்கச் சொன்னேன். தெருவே கேட்டிருக்கும். நாலாவது வரியில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"தப்பா சொல்றே. அந்த எடத்துல அம்மாச்சி வேற மாதிரில்ல சொல்லும். திரும்பப் போட்டு நல்லாக் கேளு."

ரீவைண்ட் பட்டனை அழுத்தினேன்.