நன்கொடைக்கு ஒரு நீதி, நாட்கூலிக்கு ஒரு நீதியா?

விடியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, நெற்றி விளக்கோடு நிரைக்குச் செல்லும் பால்மரத் தொழிலாளிக்கு ஒரு சொல்லின் விலை நன்றாகத் தெரியும். அவர் கொண்டுவந்த சரக்கைக் கிராணி ஏட்டில் 'பால்' என்று எழுதினால் ஒரு கூலி. 'ஒட்டுப்பால்' என்று எழுதினால் வேறு கூலி. ஆகவேதான் கிராணி என்ன எழுதுகிறார் என்று தொழிலாளி எட்டிப் பார்க்கிறார். கிராணிமாராகிய நாமும் அதைக் குற்றமாக எண்ணுவதில்லை. அது அவருடைய உரிமை.

பத்திரிகை படிக்கும்போதும் அப்படியே எட்டிப் பார்க்க வேண்டும் என்பதே இன்று நாம் சொல்ல வந்தது.

2015-ஆம் ஆண்டை நினைவுபடுத்திக் கொள்வோம். ஏப்ரல் முதல் நாள் 6 விழுக்காடு பொருள் சேவை வரி நடப்புக்கு வந்தது. சவர்க்காரக் கட்டி வாங்கிய தொழிலாளியும் ரசீதில் சென் கணக்காக வரி கட்டினார். வரி கொடுப்பது குடிமகனின் கடமை என்று நமக்குப் போதித்தார்கள். நாமும் கட்டினோம்.

மூன்று மாதம் கழிந்தது. ஜூலைத் தொடக்கத்தில் அமெரிக்காவின் 'வால் ஸ்திரீட் ஜர்னல்' ஏடு ஒரு செய்தி வெளியிட்டது. அப்போதைய பிரதமர் நஜீப் துன் ரசாக்கின் சொந்த வங்கிக் கணக்குகளில் ஏறத்தாழ 70 கோடி அமெரிக்க டாலர் சேர்ந்தது என்பதே அச்செய்தி. நம் கணக்கில் அது 260 கோடி வெள்ளி. ஆகஸ்ட் 3-ஆம் நாள் ஊழல் தடுப்பு ஆணையம், அப்பணம் நன்கொடையாளர்களிடமிருந்து வந்தது என்று அறிவித்தது. 2016 ஜனவரி 26-இல் சட்டத்துறைத் தலைவர் முகமது அபாண்டி அலி, அது சவூதி அரச குடும்பம் அளித்த நன்கொடை, குற்றம் ஏதுமில்லை என்றார்.

அன்று முதல் 'நன்கொடை' என்ற சொல் கொட்டை எழுத்தில் ஏறியது. இங்கேதான் நாம் ஏட்டை எட்டிப் பார்க்க வேண்டும். வருமானம் என்றால் வரி உண்டு. அன்பளிப்பு என்றால் பொதுவாக வரி இல்லை. ஆகவே, ஒரு தொகையை விசாரிக்காமலே 'நன்கொடை' என்று அச்சிடும் பத்திரிகை, செய்தி மட்டுமா சொல்கிறது? வரி அதிகாரியின் நாற்காலியில் தானே அமர்ந்து தீர்ப்பும் எழுதிவிடுகிறது! கொடுத்தவர் யார், ஏன் கொடுத்தார், வரிக் கணக்கில் அது எந்தப் பத்தியில் ஏறியது என்று நாம் புரட்டிய பெரிய ஏடுகளில் எத்தனை கேட்டன? சவர்க்காரத்தின் வரியை விளக்கப் பத்தி பத்தியாக இடம் இருந்தது. 260 கோடியின் வரியைக் கேட்க ஒரு மூலையும் இல்லாமற் போனது.

அந்தச் சொல்லின் விலை பின்னால் தெரிந்தது. 2018-இல் ஆட்சி மாறியது. 2019-இல் உள்நாட்டு வருமான வரி வாரியம் வழக்குத் தொடுத்தது. 2011 முதல் 2017 வரைக்குமாக அது கேட்ட தொகை ஏறத்தாழ 169 கோடி வெள்ளி. வந்த பணம் நன்கொடையே என்று நஜீப் தரப்பு வாதாடியது. 2020 ஜூலையில் உயர் நீதிமன்றம் கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தது. 2021 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. மதிப்பிட்ட வரியை முதலில் கட்டு, தொகை சரியா என்பதைப் பிறகு வாதாடு என்பது வரிச் சட்டத்தின் வழி. அதையும் நியாயமாகச் சொல்லி வைக்கிறோம். 2025 டிசம்பர் 26-இல், 1எம்டிபி வழக்கில் அவரைக் குற்றவாளி என்று கண்ட உயர் நீதிமன்றம், அரபு நன்கொடைக் கதையை ஏற்கவில்லை. பத்தாண்டுக்கு முன் அச்சேறிய கொட்டை எழுத்துக்கு இன்று யார் பொறுப்பு?

பத்திரிகைக்காரர்களை மட்டும் பழிப்பது நியாயமாகாது. அச்சகத்தின் சாவி யார் கையில் என்று பாருங்கள். 1961-இல் அம்னோவின் பிடியை எதிர்த்து 'உத்துசான் மெலாயு' ஊழியர்கள் ஏறத்தாழ மூன்று மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களும் நம்மைப் போன்ற தொழிலாளர்கள்தாம். கேட்டது கூலி உயர்வும் அன்று; உண்மை எழுதும் உரிமையையே கேட்டார்கள். தோற்றார்கள். முன்னின்ற ஆசிரியர் சைட் சஹாரி 1963-இல் சிங்கப்பூரில் கைதாகி, 17 ஆண்டு விசாரணையின்றி அடைபட்டார். 'ஸ்டார்' ஏட்டில் ம.சீ.ச. பெரும்பங்கு வாங்கியது. நம் 'தமிழ் நேசன்' 2019-இல் மூடும்வரை ம.இ.கா. முன்னாள் தலைவரின் குடும்பத்தார் கையில் இருந்தது. நன்கொடை வாங்கும் கட்சியே பத்திரிகைக்கும் முதலாளியானால், நன்கொடையைப் பற்றி அந்தப் பத்திரிகை கேள்வி கேட்குமா? கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது? 1எம்டிபி பற்றித் துருவி எழுதிய 'எட்ஜ்' ஏடுகளை 2015 ஜூலையில் உள்துறை அமைச்சு மூன்று மாதம் நிறுத்தி வைத்தது. செப்டம்பரில் நீதிமன்றம் அத்தடையை நீக்கியது.

இது ஒரு கட்சியின் நோய் என்று எண்ணிவிட வேண்டாம். நம் ஜொகூர் மாநிலத்துப் பாகோ நாடாளுமன்ற உறுப்பினர், முன்னாள் பிரதமர் முகிதீன் யாசின் மீது 2023 மார்ச்சில் வழக்கு வந்தது. பெர்சத்து கட்சிக்காக 23 கோடியே 25 லட்சம் வெள்ளி பெற அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்பது குற்றச்சாட்டு. அவர் அதை மறுத்தார். தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் நேற்று நஜீப்பின் பணத்துக்குப் பரிந்தவர் இன்று முகிதீனின் பணத்தை மட்டும் எண்ணினாலும், நேற்று துருவியவர் இன்று தமக்குப் பிடித்த கட்சியின் நன்கொடையாளரைக் கண்டு வாய்மூடினாலும், அது நடுநிலை ஆகாது. தராசு ஒன்றுதான் இருக்க வேண்டும்.

தொழிலாளியின் நிலை என்ன? மாதச் சம்பளத்தில் சேமநிதிக்கு 11 விழுக்காடு, பெர்க்கேசோவுக்கு ஒரு பங்கு பிடித்த பிறகே மிச்சம் கைக்கு வருகிறது. அதிலிருந்து கொடுக்கும் சில வெள்ளிச் சந்தாவுக்கு, 1959-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படி நம் சங்கம் ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கை அரசாங்கத்திடம் ஒப்படைக்கிறது. அதை நாம் குறை சொல்லவில்லை, அதுவே ஒழுங்கு. கட்சிகளும் சங்கப் பதிவகத்துக்குக் கணக்குக் கொடுக்கின்றன. ஆனால் ஒரு தலைவரின் சொந்தக் கணக்கில் விழும் கோடிகளுக்கு அந்த ஏட்டில் வரி ஏது? 2015-இல் அமைத்த அரசியல் நிதி ஆலோசனைக் குழு மறு ஆண்டே 32 பரிந்துரைகள் கொடுத்தது. அவை ஆண்டுக்கணக்காகத் தூசு படிந்து கிடந்தன.

நாம் கேட்பது மூன்று. கட்சிக்கும் தலைவருக்கும் கொடுப்பவரின் பெயரும் தொகையும் வெளிவர வேண்டும். அத்தொகை வரிக் கணக்கில் எப்படிக் காட்டப்பட்டது, கொடுத்தவர் அதனால் வரிச்சலுகை ஏதும் பெற்றாரா என்பதும் உடன் வர வேண்டும். ஒவ்வொரு பத்திரிகையும் தன் முதலாளி யார் என்பதை வாசகருக்குச் சொல்ல வேண்டும்.

தோழர்களே! ஏட்டிலோ கைப்பேசியிலோ இனி 'நன்கொடை' என்ற சொல்லைக் கண்டால் நிறுத்திப் படியுங்கள். கொடுத்தது யார்? வரி கட்டியது யார்? இதை எழுதியவருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? சங்கத்தின் கணக்கைப் பற்றியும் எங்களிடம் இதே கேள்விகளைக் கேளுங்கள். பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.