சாத்திய கதவும் மூளைப் படமும்

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளின் இரண்டாம் கட்டில், எப்போதும் சாத்தியே கிடக்கும் ஓர் அறையை நம்மில் சிலர் சிறுவயதில் பார்த்திருக்கிறோம். உள்ளே இருப்பவருக்குக் காத்துக்கருப்பு என்றார்கள். எழுத்தில் பித்தைக் கொண்டாடும் நாம் அந்தக் கதவைத் தட்டியதில்லை.

1974இல் சுவீடனில் இங்வாரும் ஃபிரான்சேனும் மனச்சிதைவு நோயாளிகளின் மூளைக் குருதியோட்டத்தை அளந்தார்கள். நாட்பட்ட நோயாளிகளிடம் முன்மூளைக்குப் பாயும் குருதி ஒப்பளவில் குறைந்திருந்தது. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவைத் தரவில்லை. நோய்க்கான மருந்துகளும் அவ்வோட்டத்தை மாற்றுகின்றன. ஆகவே ஸ்கேனை மட்டும் வைத்து இந்நோயை இன்றும் உறுதிசெய்ய இயலாது. மருத்துவர் பேசியும் கவனித்துமே கண்டறிகிறார்.

ஆயினும், இது பேயல்ல, மூளையையும் சார்ந்த நோய் என்பதற்கு அப்படங்கள் துணைநின்றன. 2001 ஆகஸ்ட் 6 அன்று மூண்ட ஏர்வாடித் தீயில் 28 பேர் மாண்டார்கள். பலர் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தனர். குளோர்புரோமசின் என்னும் மருந்து புழக்கத்துக்கு வந்து அப்போது ஏறக்குறைய அரை நூற்றாண்டு! சங்கிலியை 2017ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்தது.

படமே தீர்ப்புச் சொல்லும் என்று காத்திருக்கும் குடும்பங்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான்: மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், அவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தாதீர்கள், அந்த அறைக்கதவைத் திறந்து வையுங்கள்.