சும்மாடு இல்லாத சுமை

மகள் வீட்டுப் பேரன் போன வாரம் துடியலூர் வந்திருந்தான். கல்லூரியில் இரண்டாம் வருஷம். ஆறு மாதமாக பேஸ் கிட்டார் பழகுகிறான். வாசித்துக் காட்டச் சொன்னேன். பத்து நிமிஷம் வாசித்திருப்பான், கழற்றி வைத்துவிட்டு இடது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டான்.

"என்ன கண்ணு?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க அப்புச்சி. போகப்போகப் பழகிரும்னு எல்லாரும் சொல்றாங்க."

சட்டையை விலக்கிப் பார்த்தேன். தோளில் இரண்டு விரல் அகலத்துக்குச் சிவந்து கிடந்தது. அதைப் பார்த்து வந்த கோபம்தான் இந்தப் பதிவு. பேஸ் கிட்டார் நமக்கெதற்கு என்று பக்கத்தை மூடிவிடாதீர்கள். பேரன் பேத்திகளின் வாத்தியத்துக்குப் பணம் எடுத்துக் கொடுப்பது பல வீடுகளில் நாம்தானே!

"பழகிரும்" என்பதை நானும் நம்பியவன்தான். 1980-களில் எனக்குப் பகலில் பம்பு கம்பெனி வேலை. நோம்பி வந்தால் ராத்திரியில் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார். பெரியநாயக்கன்பாளையம், காரமடை என்று சுற்றுவட்டாரமெல்லாம் போவோம். இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிட்டார் தனியாகப் பேசிய காலம் அது. அதில் பலவற்றை வாசித்த சசிதரன்தான் எங்களுக்கெல்லாம் மானசீக குரு. ஒன்பது மணிக்கு மேடை ஏறினால் இறங்க இரண்டு மணி ஆகும். தோளில் நாலு கிலோவுக்கு மேல் கனம். அதைத் தாங்கியது கட்டில் நாடா மாதிரி ஒரு நைலான் பட்டை. வலித்தால் தைலம் தேய்த்துக்கொள்வேன். இன்றைக்கு இடது கையைத் தூக்கி அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் டப்பாவை எடுக்க முடியவில்லை. பெல்ட் ஒன்றுதான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. சர்க்கரையும் இருக்கிறது, வயசும் ஆகிவிட்டது. ஆனால் அன்றைக்கு வலித்தது சர்க்கரையால் அல்ல, வயசாலும் அல்ல. அது எனக்குத் தெரியும்.

நம் ஊரில் சும்மாடு இல்லாமல் யாராவது தலையில் சுமை ஏற்றுவார்களா? உழுகிற மாட்டின் கழுத்தில் புண் வந்தால் தோட்டத்துக்காரர் முதலில் நுகத்தடியைப் பார்ப்பார். "மாட்டுக்குப் பழகிரும்" என்று விட்டுவிட மாட்டார். தவில்காரர்கள் சாமி புறப்பாட்டில் நின்று வாசிக்கும்போது தோள்வாருக்கு அடியில் துண்டை மடித்துக் கொடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். மாட்டுக்குக் காட்டுகிற கரிசனத்தை வாத்தியம் வாசிக்கிற பிள்ளைக்குக் காட்ட மாட்டோமா?

1951-இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் தன் மின்சார பேஸ் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் கச்சேரிகளில் பெரும்பாலும் ஆளுயர டபுள் பேஸ்தான். அதன் கனத்தைத் தரை தாங்கியது. இதன் கனத்தையோ வாசிக்கிறவன் தோள் தாங்குகிறது. முன்பு தரை செய்த வேலையை இப்போது பெல்ட் செய்கிறது. அப்படிப்பட்ட சாமானைத்தான் கடையில் இலவச இணைப்பாகக் கொடுத்து அனுப்புகிறார்கள். பேரனின் கிட்டார் 18 ஆயிரம் ரூபாய். பெல்ட் இனாம். இனாமாக வந்ததன் லட்சணம் அவன் தோளில் தெரிகிறது.

சாதாரண கிட்டாருக்கு வருகிற இரண்டு அங்குலப் பட்டையை இதற்கும் மாட்டிவிடுவதுதான் முதல் தப்பு. இரண்டு அங்குலம் நாலு அங்குலமானால் கனம் குறையாது. ஆனால் அதே கனம் இரண்டு மடங்கு இடத்தில் பரவும், அறுப்பது குறையும். மூன்று அங்குலத்துக்குக் குறைந்து வாங்காதீர்கள், நாலு இருந்தால் நல்லது.

இரண்டாவது தப்பு வழுக்கல். பேஸ் கிட்டாருக்குக் கழுத்து நீளம். பல கிட்டார்களில் கையை விட்டால் கழுத்துப்பக்கம் கீழே சாயும். நைலான் பட்டை சட்டைமேல் வழுக்கிக்கொண்டே போகும். பையன் இடது கையால் கழுத்தைத் தாங்கிக்கொண்டே அதே கையால் வாசிக்கவும் வேண்டும். உட்பக்கம் சொரசொரப்பாக உள்ள தோல் பெல்ட் சட்டையைப் பிடித்து நிற்கும். ரப்பர் மாதிரி இழுபடுகிற மெத்தென்ற பெல்ட்டைப் போட்டதும் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் நடந்தால் கிட்டார் மேலும் கீழும் ஆடும்.

மூன்றாவது தப்பு உயரம். சினிமாவிலும் வீடியோவிலும் பார்த்துவிட்டு முழங்கால் வரைக்கும் தொங்கவிடுகிறார்கள். பார்க்க எடுப்பாக இருக்கும், மணிக்கட்டு மடங்கி மடங்கி வலி எடுக்கும். உட்கார்ந்து மடியில் வைத்தால் கிட்டார் எந்த உயரத்தில் இருக்கிறதோ, நின்றாலும் அதே உயரத்தில் இருக்கும்படி பெல்ட்டின் நீளத்தை வைத்தால் போதும்.

கடைக்குப் போகும்போது கிட்டாரையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். பெல்ட்டை மாட்டி, நின்று, இரண்டு கையையும் விட்டுப் பார்க்கட்டும். கழுத்துப்பக்கம் சாயக்கூடாது. கால் மணி நேரம் அப்படியே நிற்கட்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், தோள் நம்முடையது. பெல்ட்டின் இரு முனையிலும் உள்ள ஓட்டை கிட்டாரின் குமிழில் இறுக்கமாக உட்கார வேண்டும். லொடலொடவென்று இருந்தால் மேலே ஒரு குழாய் வாஷரைப் போட்டுவிடலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம், ஒரு நாளும் கிட்டார் கீழே விழுந்ததில்லை.

தோல் பெல்ட் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகுமே என்பார்கள். ஆகட்டும். 18 ஆயிரத்துக்கு மரமும் கம்பியும் வாங்கத் தெரிந்த நமக்கு, அதைச் சுமக்கிற தோளுக்கு ஆயிரம் கொடுக்கக் கை வராதா? "வலி இல்லாமல் கலை வராது" என்பார்கள் சிலர். விரல் நுனி காய்த்துப்போவது கலையில் சேர்த்தி. தோள் கன்றிப்போவது கஞ்சத்தனத்தில் சேர்த்தி. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை.

மறுநாள் பேரனைக் கூட்டிக்கொண்டு போய் நாலு அங்குலத் தோல் பெல்ட் வாங்கினோம். சாயங்காலம் அரை மணி நேரம் நின்று வாசித்தான். கை ஒரு தடவைகூடத் தோளுக்குப் போகவில்லை. பழைய பட்டையை அவன் அமுச்சி கொடிக்கயிறாகக் கட்டிவிட்டாள். அதற்குத்தான் அது லாயக்கு.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் ஏதாவது வாத்தியத்தைத் தோளில் மாட்டுகிறதென்றால் இன்றைக்கே சட்டையை விலக்கித் தோளைப் பாருங்கள். "பழகிரும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.