பலமில்லாத இடது கை

சகோதரிகளே, இந்தத் தடவை சமையல் குறிப்பு கிடையாது. ஓர் இசைத்தட்டைப் பற்றித்தான் பேச்சு.

கனடாவில் பிறந்த ஜோனி மிட்செல், தானே பாட்டெழுதி, மெட்டுப் போட்டு, கிதார் வாசித்துப் பாடுகிறவர். 1969 பிப்ரவரி 1-ம் தேதி நியூயார்க் கார்னகி ஹாலில் அவர் செய்த கச்சேரியை அன்றைக்கே ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தார்கள். முழுசாக வெளியே வந்ததோ 2021-ல், மூன்று பெரிய ரிக்கார்டுகளாக. பழைய பாட்டென்றால் உயிரை விடும் என் கொழுந்தனார் வாங்கி வந்தார்.

இங்கிலீஷ் பாட்டு நமக்கெதற்கு என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். அந்தம்மாவுக்கு ஒன்பது வயதில் இளம்பிள்ளை வாதம். தடுப்பூசி வந்ததே 1955-ல்தான். இவருக்கு அது கொடுத்து வைக்கவில்லை. இடது கை பலம் குறைந்துவிட்டது. கிதாரிலோ இடது கை விரல்கள்தான் தந்தியை அழுத்த வேண்டும். வழக்கமான பிடிகள் சில அவருக்குக் கஷ்டம். கையை மாற்ற முடியாது, தந்தியை மாற்றலாமே! ஆணியைத் திருகிச் சுருதியையே வேறு மாதிரி வைத்துக்கொண்டார். அப்படி வைத்தால் அழுத்தாமல் மீட்டினாலே இனிமையாக ஒலிக்கும். ஒன்றிரண்டு விரல் போதும். பாட்டுக்குப் பாட்டு சுருதி மாறும். அவருடைய தனி நாதமே அதில்தான் பிறந்தது.

என் நாத்தனாருக்கும் குழந்தையில் அதே வாதம்தான். வலது கை சூம்பிப் போச்சு. பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் கையைப் பார்த்தார்களே தவிர, இடது கையாலேயே அவள் அரிவாள்மணையில் வாழைப்பூ நறுக்கும் நேர்த்தியை ஒருத்தரும் பார்க்கவில்லை. ரிக்கார்டை ஒரு பக்கம் முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணுக்கு எந்தக் கை அண்ணி?" என்றாள்.

"இடது."

"கேட்டாத் தெரியலையே!" அடுத்த பக்கத்தைத் திருப்பிப் போட்டவளும் அவளேதான்.

2015-ல் ஜோனி அம்மாவுக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்து, நடக்கவும் பேசவும் மறுபடி பழக வேண்டியதாயிற்று. தன் பழைய படங்களைப் பார்த்தே விரல் வைக்கும் இடத்தைக் கற்றுக்கொண்டார். 2022-ல் நியூபோர்ட் விழாவில் கிதாரோடு மேடையேறியபோது வயசு 78!

வீட்டில் ரிக்கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓரத்தைப் பிடித்தே எடுங்கள். உலர்ந்த மெல்லிய துணியால் கோடு போகும் போக்கிலேயே துடையுங்கள். புத்தகம் மாதிரி நிற்க வைக்கணும். வெயில் படும் ஜன்னலோரம் மட்டும் கூடவே கூடாது, அப்பளமாய் நெளிஞ்சிடும்.